ஒச்சம்மாள் ஊற்றிய தண்ணீர்

மட்டாஞ்சேரி பஜாருக்குப் பின்னால் லத்தீன் கிறிஸ்தவர்கள் குடியிருந்த சந்துகளில் ஒச்சம்மாளுக்குப் பாண்டி வயத்தாட்டி என்று பெயர். மருத்துவச்சியை அங்கே வயத்தாட்டி என்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் எல்லோருமே பாண்டிதான். அவள் வேதக்காரி இல்லை. சர்ச்சின் வராந்தாவைத் தாண்டி உள்ளே போனதும் இல்லை. ஆனாலும் பிறந்த கையோடு மூச்சு அடங்கிப்போன பல குழந்தைகளின் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தது அவள் கைதான்.

உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் பிறந்தவள். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ரேகைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. திருடினானா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. அந்தச் சாதியில் பிறந்த ஆண்பிள்ளை வயதுக்கு வந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் விரல்களை மையில் தோய்த்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகு பொழுது சாய்ந்தால் ஸ்டேஷனில்தான் படுக்கை. கல்யாணத்தன்றுகூட ஒச்சம்மாளின் அப்பா அங்கேதான் போய்ப் படுத்தார் என்று அவள் அம்மா சொல்வாள். ஒச்சம்மாளைக் கட்டிய பிச்சை, ரேகை வைக்க ஆள் வரப்போகிறது என்று காதில் விழுந்ததுமே அவளைக் கூட்டிக்கொண்டு மலையேறிவிட்டான். ஏலத்தோட்டங்களில் கொஞ்சநாள் கூலி வேலை செய்துவிட்டு, இறங்கி இறங்கி, கடைசியில் கொச்சிக்கு வந்து சேர்ந்தார்கள். மட்டாஞ்சேரியில் மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் சுமக்க முதுகு தேவைப்பட்டது. விரலை யாரும் கேட்கவில்லை.

நாற்பத்தேழில் சட்டத்தை எடுத்துவிட்டார்கள் என்ற செய்தியை ஊர்க்காரன் ஒருவன் கொண்டுவந்தான். அன்றைக்குப் பிச்சை கடையில் நின்ற எல்லோருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தான். ஊருக்குப் போகலாமா என்று ஒச்சம்மாள் கேட்டதற்கு "போவோம், போவோம்" என்றான். போகவில்லை. இரண்டு மழைக்காலம் கழித்து, யூதர்கள் குடியிருந்த ஜூ டவுனை ஒட்டிய ஒரு கிடங்கில் கூரை வரைக்கும் அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து அவன் மேல் விழுந்தன. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சந்தில் பிரசவம் பார்த்துவந்த கிழவிக்கு வெந்நீர் வைக்கவும் துணி அலசவும் போய்வந்த ஒச்சம்மாள், கிழவிக்குக் கண் மங்கியதும் அந்தத் தொழிலைத் தானே எடுத்துக்கொண்டாள்.

ஐம்பத்திரண்டில் ஒரு தச்சன் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. கொஞ்ச நேரம் முனகிக்கொண்டிருந்துவிட்டுச் செத்துப்போனது. சர்ச் பாதிரியாரான அச்சனைக் கூப்பிடப் போன ஆள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சர்ச் கல்லறையில் அதற்கு இடம் இல்லை என்றார்கள். கல்லறையின் மதிலுக்கு வெளியே, சேறும் முள்ளுமாகக் கிடந்த ஓரத்தில், சர்ச் வேலைக்காரரான கபியார் குழி வெட்டிப் புதைத்தார். அந்த இடத்துக்குத் தெம்மாடிக்குழி என்று பெயர். தூக்குப் போட்டுக்கொண்டவனுக்கும், சர்ச்சோடு சண்டையிட்டுச் செத்தவனுக்கும், தண்ணீர் படாத குழந்தைக்கும் அதுதான் இடம். மணி அடிக்கவில்லை. ஜெபம் இல்லை. தச்சன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அடுத்த வாரம் அச்சன் ஒச்சம்மாளை வரச் சொன்னார். இடக்கொச்சிக்காரர், நெடிய ஆள், குரலை உயர்த்தத் தெரியாதவர். அவர் வராந்தாவில் நாற்காலியில் இருந்தார். அவள் படியில் நின்றாள்.

"ஒச்சம்மே, குட்டி பிழைக்காதுன்னு உனக்குத் தோணினா எனக்காகக் காத்திருக்க வேண்டா. நீயே தலையில வெள்ளம் ஊத்தி, நான் சொல்லித் தர்ற வார்த்தையைச் சொல்லணும்."

"நானா? நான் உங்க வேதம் இல்லையே, அச்சோ."

"சாரமில்ல. திருச்சபை எதை நினைச்சுச் செய்யுதோ, அதை நினைச்சு நீ செஞ்சா மதி, அது போதும்."

ஒச்சம்மாள் உடனே சரி என்று சொல்லவில்லை. "அந்தப் பச்சப்புள்ள என்ன பாவம் பண்ணுச்சுன்னு வெளிய போட்டீக?" என்று கேட்டாள்.

அச்சன் பொறுமையாகவே சொன்னார். கடவுள் முதலில் படைத்த ஆணும் பெண்ணும் அவர் வார்த்தையை மீறித் தின்னக்கூடாத கனியைத் தின்றார்கள். அன்றைக்குத்தான் உலகத்துக்குள் சாவு வந்தது. பெண்ணுக்குப் பிரசவ வேதனை வந்தது. ஆணுக்கு வேர்வை சிந்தித்தான் சோறு என்று ஆனது. அந்தக் குற்றம் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு என்று இறங்கிக்கொண்டே இருக்கிறது. குழந்தை எதுவும் செய்யவேண்டியதில்லை. பிறக்கும்போதே அது கூடப் பிறக்கிறது. அதனால்தான் ஜென்மபாவம் என்று பெயர்.

"எங்க ஊர்லயும் அப்பிடித்தான்," என்றாள் ஒச்சம்மாள். "பொறந்தாலே களவாணின்னு எழுதிருவாக. எங்கப்பன் ஒரு கோழியக்கூடத் தொட்டதில்ல."

அச்சனின் முகம் மாறியது. "அது சர்க்கார் செய்த அநியாயம். இது தெய்வ நீதி. ரெண்டையும் ஒண்ணாக்காதே."

"அத எடுத்துட்டாக அச்சோ, நாப்பத்தேழுல. இத எப்ப எடுப்பாக?"

"எடுத்தாச்சு," என்றார் அச்சன். "குரிசுல ஏறி ஒருத்தன் அதை எடுத்தாச்சு. அது அந்தக் குட்டி மேல வந்து படணும். அதுக்குத்தான் இந்த வெள்ளம்."

ஒச்சம்மாளுக்கு மற்றது புரிந்ததோ இல்லையோ, இது புரிந்தது. சட்டத்தை எடுத்தாகிவிட்டது, செய்தி போய்ச் சேராத வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். சரி என்று தலையாட்டினாள்.

அச்சன் சொன்ன மலையாள வார்த்தைகள் அவள் நாக்கில் தடுக்கின. தமிழில் சொல்லிக்கொடுத்தது பிரிஜித்தம்மாள். குளச்சல் கடற்கரையில் பிறந்து, சரக்கு வள்ளம் தள்ளுகிற லோனனைக் கட்டிக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு வந்தவள். லோனனும் அவன் அம்மாவும் மலையாளத்தில்தான் பேசுவார்கள். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் பிரிஜித்தம்மாள் ஒச்சம்மாளை விடமாட்டாள். "பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து நாமத்தினாலே" என்று அவள் சொல்ல, இவள் "இஸ்பிரீத்து" என்பதிலேயே நின்றுவிட, இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

ஒருநாள் சிரிப்பு நின்றதும் பிரிஜித்தம்மாள் சொன்னாள். "எனக்கு மொதப்பிள்ள எங்க அம்ம வீட்டுலதான் பெறந்துச்சு எக்கா. தண்ணி ஊத்த ஒருத்தருக்கும் தோணல. கல்லறைக்கு வெளிய மணல்ல வச்சாவ. மறுவருசம் கடல் அடிச்சு அந்த எடமே இல்லாமப் போச்சு."

"அழுவாத தாயி."

"அதுக்கு நரகம் இல்லியாம். நோவு இல்லாத எடம்னுதான் சொல்லுதாவ. ஆனா மோட்சமும் இல்ல. நான் செத்து மோட்சத்துக்குப் போனாலும் அத எனக்குப் பாக்க முடியாது."

ஐம்பத்தேழில் பிரிஜித்தம்மாள் மறுபடி உண்டானாள். கர்க்கடக மாதம், தமிழுக்கு ஆடி. மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் வலி கண்டது. ஒச்சம்மாள் வயிற்றில் கை வைத்தவுடன் கேட்டாள்: "புள்ள நெளியுதா?"

"ரெண்டு நாளா கொஞ்சம் கொறவுதான் எக்கா. வெளிய வாரதுக்கு ஒதுங்கிக் கெடக்குன்னு மாமி சொன்னாவ."

மத்தியானத்துக்கு மேல் குழந்தை வந்தது. ஆண். ஒச்சம்மாள் கையில் ஏந்தும்போதே தோல் ஈரக் காகிதம்போல் உரிந்தது. வயிற்றுக்குள்ளேயே செத்து இரண்டு நாளாகியிருந்தது. வெந்நீர்ச் சட்டியோடு வந்த மாமியார் அதைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை.

"எக்கா, தண்ணி! எக்கா, தண்ணி ஊத்து!"

ஒச்சம்மாள் ஊற்றினாள். வார்த்தைகளைத் தடுக்காமல் சொன்னாள்.

"உயிர் இருந்துச்சா?"

பிரிஜித்தம்மாள் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள். ஒச்சம்மாள் குழந்தையைத் துணியில் முகம் வரைக்கும் சுற்றினாள்.

"இருந்துச்சு தாயி. தண்ணி பட்டப்ப சுண்டுவெரலு அசஞ்சுச்சு. அதுக்கப்பறந்தான் அடங்குச்சு."

அச்சனும் அதையே கேட்டார். அவரிடமும் அதையே சொன்னாள். சாயங்காலம் மழையோடு மழையாகச் சின்ன மணி அடித்தது. மதிலுக்கு உள்ளே, சுவரோரமாக, குழந்தைகளின் வரிசையில் அதைப் புதைத்தார்கள். சவேரி என்று பெயரிட்டு ஒரு வெள்ளைச் சிலுவை நட்டார்கள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவள் இப்படி இருப்பாளா என்று சந்தில் பேசிக்கொள்ளும்படி பிரிஜித்தம்மாள் தேறினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிலுவையிடம் போய் உட்காருவாள். அரிசி விலை, மீன் விலை, லோனனின் முதுகுவலி எல்லாவற்றையும் அதனிடம் சொல்வாள். "அவன் அங்க சாமிக்கப் பக்கத்துல இருக்கான். எனக்காகக் கேப்பான்" என்று ஒச்சம்மாளிடமும் சொல்வாள். ஒச்சம்மாள் பேச்சை மாற்றிவிடுவாள். அதற்குப் பிறகும் செத்துப் பிறந்த குழந்தைகள் அவள் கையில் வந்தன. அவள் தண்ணீர் ஊற்றவும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை. தாய்மார்களின் அழுகையைக் கேட்டுக்கொண்டு திண்டாடி நிற்பாள். அந்த ஒரு பொய்யே அவளுக்குப் பாரமாக இருந்தது.

மூன்று வருடம் ஓடியது. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒருநாள் சண்டை. சட்டியில் மீன் அடிப்பிடித்துவிட்டது என்று ஆரம்பித்தது. பிள்ளை பெறாதவள் என்பதில் போய் நின்றது.

"எனக்க பிள்ள மோட்சத்துல இருக்கான்," என்றாள் பிரிஜித்தம்மாள்.

"எந்த மோட்சம்?" என்றாள் கிழவி. "அது வயித்துலயே அழுகிப்போனதாக்கும். தொலி உரிஞ்சு வந்தது நான் கண்டதில்லே? அந்தப் பாண்டிக்காரி கள்ளம் சொல்லி அகத்தே புதைச்சா."

சொன்ன பிறகு கிழவியே பயந்துவிட்டாள். பிரிஜித்தம்மாள் அப்படியே எழுந்து நேராக ஒச்சம்மாள் வீட்டுக்கு வந்தாள். ஒச்சம்மாள் வாசலில் உட்கார்ந்து கப்பைக் கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"சவேரிக்கு உயிர் இருந்துச்சா எக்கா?"

"இருந்துச்சுன்னு சொன்னேனே."

"ஒனக்க மாப்ள மேல சத்தியம் பண்ணு."

ஒச்சம்மாள் பொய்ச் சத்தியம் செய்யக்கூடியவள்தான். அந்தப் பெண்ணுக்காக எதையும் செய்திருப்பாள். ஆனால் பிச்சையின் பேச்சு வந்ததும் ஒரு நொடி தயங்கினாள். களவாணியாகவும் பொய்யனாகவும் பிறந்தவன் என்று ஊரும் சர்க்காரும் சொன்ன மனுஷன் அவன். அவன் பேரில் ஒரு பொய்யா என்று தோன்றியது. உடனே சுதாரித்துக்கொண்டு, "எம் புருசன் மேல சத்தியமா இருந்துச்சு தாயி" என்றாள்.

பிரிஜித்தம்மாள் அந்த நொடியைப் பார்த்துவிட்டாள். "ஏன் எக்கா?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

அவளே அச்சனிடம் போய்ச் சொன்னாள். சொல்லாமல் விட்டிருக்கலாம். பொய்யை வைத்துக்கொண்டு அந்தச் சிலுவை முன்னால் மண்டியிட அவளால் முடியவில்லை. அச்சன் ஒச்சம்மாளை வரச் சொன்னார். இந்த முறை ஒச்சம்மாள் மறைக்கவில்லை.

"இரக்கத்துலதான் செஞ்சே. எனக்கு அறியும்," என்றார் அச்சன். கையிலிருந்த ஜெபமாலையைக் கீழே வைத்தார். "நீ முன்னமே வந்து சொல்லியிருந்தா அவளை வேற மாதிரி தேற்றியிருப்பேன். இப்ப என்ன சொல்லி அவளைத் தேற்ற?"

குழியைத் தோண்ட வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். சிலுவையை மட்டும் கபியார் பிடுங்கி எடுத்தார். அடுத்த ஞாயிறு பூசையில் அச்சன், இனிமேல் அந்த வயத்தாட்டியின் ஞானஸ்நானத்தை நம்ப வேண்டாம் என்று அறிவித்தார். அவர் நினைத்தது இனி வரப்போகிற குழந்தைகளை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு நினைவு வந்தது ஏற்கெனவே போய்விட்ட குழந்தைகள்தான்.

பூசை முடிந்ததும் அவர்கள் ஒவ்வொருத்தியாக ஒச்சம்மாளின் வாசலுக்கு வந்தார்கள். "எங்க குட்டி? எங்க குட்டிக்கு ஜீவன் இருந்ததா? உள்ளது சொல்லு." ஒச்சம்மாள் ஒவ்வொருத்தியிடமும் உள்ளதைச் சொன்னாள். இருந்தது. அழுதது. மூச்சு விட்டது. உன் பிள்ளை என் விரலைப் பிடித்தது. எல்லாம் நிஜம். ஒருத்தியும் நம்பவில்லை. தச்சன் பெண்சாதி, மதிலுக்கு வெளியே மூத்ததும் உள்ளே இளையதுமாக இரண்டைக் கொடுத்தவள், அவள் முகத்துக்கு நேரே மண்ணை வாரி வீசிவிட்டு, சந்து முனை வரைக்கும் மாரில் அடித்துக்கொண்டே போனாள்.

பிரசவத்துக்கு யாரும் கூப்பிடுவது நின்றுபோயிற்று. ஒச்சம்மாள் கிடங்கில் சுக்குப் புடைக்கும் வேலைக்குப் போனாள். வெள்ளையாகத் தெரிவதற்காகச் சுண்ணாம்பு ஏற்றிய சுக்கு. நாள் முழுக்கத் தூசி மூக்கிலும் தொண்டையிலும் இறங்கும். பிச்சையைக் கொன்ற கிடங்குக்கு நாலு கதவு தள்ளி அது. பக்கத்தில் உட்கார்ந்து புடைக்கிற பெண்கள் எல்லாம் தமிழ்நாட்டுக்காரிகள். அவர்களுக்கு இந்தக் கதை தெரியாது, அவளும் சொல்லவில்லை.

அறுபத்து மூன்றில் ஒரு மத்தியானம் லோனன் கிடங்கு வாசலில் வந்து நின்றான். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. பிரிஜித்தம்மாளுக்கு நாள் இருந்தும் வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் பனிக்குடம் உடைந்துவிட்டது. அவன் அம்மாதான் "பாண்டிக்காரியைக் கூட்டி வா" என்று அனுப்பியிருக்கிறாள்.

ஒச்சம்மாள் முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். பெண் குழந்தை. கால் முதலில் வந்தது. அவள் திருப்பி, இழுத்து, ஒருவழியாக வெளியே கொண்டுவந்தாள். தெருவே கேட்கும்படி வீரிட்டது. மாமியார் குழந்தையை வாங்கிக்கொண்டு, அழுதுகொண்டே சுவரில் சாய்ந்தாள். தண்ணீர் ஊற்ற வேண்டிய அவசியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலேயே ஊற்றலாம்.

ஆனால் ரத்தம் நிற்கவில்லை. ஒச்சம்மாள் வயிற்றை அமுக்கிப் பிடித்தாள். துணியை மாற்றி மாற்றி வைத்தாள். லோனன் வண்டி தேடி ஓடினான். ஒரு பக்கத்து வீட்டுக்காரன் அச்சனைத் தேடி ஓடினான்.

"பொண்ணு எக்கா?" என்றாள் பிரிஜித்தம்மாள். உதடு வெளுத்துவிட்டது.

"பொண்ணுதான் தாயி. நல்லா இருக்கா. கத்துறது கேக்குதா?"

"கேக்கு." குழந்தை அழுத பக்கம் முகத்தைத் திருப்பினாள். "எனக்குத் தெரியும் எக்கா, நான் நிக்க மாட்டேன். அச்சன் வந்து எண்ணெய் பூசுவாரு. நான் மோட்சத்துக்குப் போவேன். அங்க போய் நான் என்ன செய்ய? எனக்க ரெண்டு பிள்ளையும் அங்க இல்ல."

ஒச்சம்மாள் துணியை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

"நீ சொல்லு எக்கா. அவியள நான் பாப்பனா?"

பார்ப்பாய் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வாய் வரைக்கும் வந்தது. ஒரு தடவை சொன்ன பொய் என்ன செய்தது என்று இந்தக் கட்டிலில் கிடப்பவளுக்கும் தெரியும், தனக்கும் தெரியும். சொன்னாலும் இவள் நம்பப்போவதில்லை என்று ஒச்சம்மாள் நினைத்தாள்.

"எனக்குத் தெரியாது தாயி," என்றாள். "நான் என்னத்தக் கண்டேன்?"

பிரிஜித்தம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அச்சன் வந்து நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசும்போது மூச்சு இருந்தது. லோனன் வண்டியோடு வரும்போது இல்லை.

அடக்கத்தன்று ஒச்சம்மாள் கல்லறை வாசலுக்கு வெளியே நின்றாள். எல்லோரும் போன பிறகு அச்சன் அவளிடம் வந்தார். வயசாகிவிட்டது அவருக்கு, நடையில் தள்ளாட்டம்.

"சுவரோரம் வச்சிருக்கேன் அவளை," என்றார். "அந்தக் குட்டிக்குப் பக்கத்துல. குரிசு இல்லேன்னாலும் இடம் எனக்கு ஓர்மை உண்டு."

"அங்க மேல, அச்சோ? அங்க அவ பக்கத்துல வைப்பாகளா?"

அச்சன் பதில் சொல்ல வாயெடுத்தார். படித்தது எதையோ சொல்லப்போகிறார் என்று அவள் நினைத்தாள். "பிரார்த்திக்கிறேன்" என்றார். "தினமும் அதைத்தான் பிரார்த்திக்கிறேன். அதுக்கு மேல எனக்கு அனுமதி இல்ல." குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

பொய் சொன்னதைவிட அந்தக் கடைசி மத்தியானம் உண்மையைச் சொன்னதுதான் ஒச்சம்மாளை அதிகம் அரித்தது. கிடங்கில் கூட வேலை செய்த அங்கம்மாளிடம் ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாள்: "சாகப்போற பொம்பளகிட்ட யாராச்சும் தெரியாதுன்னு சொல்லுவாகளா? நான் சொன்னேன்டி." அங்கம்மாள், சாயா வந்திருக்கிறது, குடி என்றாள்.

சுண்ணாம்புத் தூசி நெஞ்சில் கட்டி, அறுபத்தேழில், மழைக்காலத்தில் ஒச்சம்மாள் படுத்தாள். இருமினால் வெள்ளையும் சிவப்புமாக வந்தது. ஒருநாள் லோனனின் அம்மா ஒரு கிண்ணத்தில் கஞ்சியும் சுட்ட பப்படமும் கொண்டுவந்தாள். கிழவிக்கும் முதுகு வளைந்திருந்தது. கூடவே பிரிஜித்தம்மாளின் மகள் வந்தாள். வாசலில் தேங்கிய தண்ணீரில் காலை அடித்து விளையாடினாள். கிழவி உள்ளே வந்து, பாயருகில் உட்கார்ந்து, ஒச்சம்மாளைத் தூக்கிச் சாய்த்துக்கொண்டாள். கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள் கிழவி. பாதிக்கு மேல் இறங்கவில்லை. வாயைத் துடைத்துவிட்டு, மிச்சத்தை மூடிவைத்துவிட்டு, "நாளைக்கு வரேன் கேட்டோ" என்றாள்.

மறுநாள் அவள் வரும்போது மூட்டைக்காரர்கள் நாலு பேர் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.